தாளம் முந்தி, சொல் பிந்தி

என் அண்ணி ஒரு பாட்டை முழுதாகக் கேட்டு முடித்து நான் பார்த்ததில்லை. முதல் வரி முடிவதற்குள் சமையலறையிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடி வருவாள். "நிறுத்து, நிறுத்து" என்று என் போனைப் பிடுங்கி அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவாள். "இங்க பாரு, இந்த இடம். இந்த இடத்துல உனக்கு ஏன் தலை ஆடுது? சொல்லு." என் தலை ஆடியதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும்.

அவள் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தாள். கல்யாண வரவேற்பு, கம்பெனி ஆண்டு விழா, கடைத் திறப்பு என்று எங்கே மேடை போட்டாலும் போகிற குழு அது. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கிறவள். மூன்று பேருக்கும் மாடியில் ஒரே வீடு, எனக்குத் தனி அறை. நாத்தனாரும் அண்ணியும் சண்டை போட உலகத்தில் ஆயிரம் காரணம் இருக்கிறது. நாங்கள் போட்டதெல்லாம் பாட்டுச் சண்டைதான். எனக்கு ஒரு பாட்டுப் பிடித்தால் பிடித்தது, அதோடு சரி. அவளுக்கு அது போதாது. ஏன் பிடித்தது என்று தெரிகிறவரை அவளுக்குச் சோறு இறங்காது.

குழுவில் அவளை எல்லாரும் 'கூறு அக்கா' என்றே கூப்பிட்டார்கள். பாட்டைக் கூறு போடுகிறவள் என்று வந்த பேர். என் அம்மா இருந்தவரை, "கூறு போடறாளாம் கூறு, கூறுகெட்டவ, அடுப்பை அணைக்கத் தெரியல" என்று அந்தப் பேரிலிருந்தே அவளுக்கு ஒரு திட்டு தயாரித்து வைத்திருந்தாள். அண்ணி சிரித்துக்கொண்டே அடுப்பை அணைப்பாள்.

அந்தச் சமயத்தில் ஒரு பாட்டு ஊரையே பிடித்து ஆட்டியது. 'தெருமுனை வரைக்கும் வா, தேநீர் ஆறுமுன்னே வா' என்று தொடங்கும். பஸ்ஸில் அது, சலூனில் அது, லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஆள் பயம் தெரியாமலிருக்க முணுமுணுத்ததும் அதுதான் என்று அண்ணன் வந்து சொன்னான். கல்யாண வீடுகளில் மணமக்கள் பேரைக் கேட்பதற்கு முன்பே தேநீர்ப் பாட்டு உண்டா என்று கேட்டார்கள்.

குழுவின் வயலின்காரருக்கு அது பொறுக்கவில்லை. முறையாகச் சங்கீதம் படித்தவர். பிழைப்புக்காக இங்கே வந்து உட்கார்ந்திருப்பதை உட்காரும் விதத்திலேயே காட்டுவார். டயர் கடை மாடியில்தான் ஒத்திகை நடக்கும். அன்றைக்கு அண்ணிக்குச் சாப்பாடு கொண்டுபோன நானும் அங்கே இருந்தேன்.

"நாலு ஸ்வரத்தைத் தாண்டல. இதைப் போய் தலையில தூக்கி வெச்சு ஆடறாங்க," என்றார் அவர்.

"அஞ்சு ஸ்வரம். எண்ணத் தெரிஞ்சா எண்ணுங்க," என்றாள் அண்ணி.

"சரி, அஞ்சு. அதுல என்ன இருக்கு?"

அண்ணி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். போச்சு, சாப்பாடு ஆறப்போகிறது என்று நினைத்தேன்.

"தாளம் முதல்ல விழுது. பாட்டு அதோட சேர்ந்து வரல, அரை மூச்சு பிந்தி வருது. கதவைத் தட்டின அப்புறம் 'யாரு'ன்னு கேக்கிற மாதிரி. தட்டு விழுந்ததும் கேக்கிறவன் வாய் தானா திறந்துக்கும். அப்புறம் வரி முடிவுல பாருங்க. 'வா'. அங்கதான் ராகம் மேல தாவுது. 'வா'ன்னு சொல்றப்ப வாய் நல்லா திறந்திருக்கு, கழுதைக் குரல்கூட ஏறிடும். அதே இடத்துல 'மூ'ன்னு ஒரு எழுத்தை வெச்சுப் பாடிப் பாருங்க, தொண்டையில முள் மாட்டும். தாவினதும் நிறுத்திடறான். ஒரு மூச்சு இடைவெளி. அங்க கை தட்டலாம், பக்கத்துல இருக்கிறவங்களைப் பாக்கலாம். மூச்சு விட இடம் கொடுக்காத பாட்டு ஊர் வாயில நிக்காது சார்."

"இதையெல்லாம் யோசிச்சா அந்த ஆள் பாட்டுப் போட்டிருப்பான்?"

"அவன் யோசிச்சானா இல்லையான்னு எனக்கென்ன? கல்லெறிஞ்சவன் குறி பாத்தானோ இல்லையோ, காய் விழுந்துச்சில்ல? எங்க பட்டு விழுந்துச்சுன்னு நான் பாக்கறேன். மலிவான பாட்டு, மலிவான பாட்டுங்கறீங்களே. நீங்க மலிவா ஒண்ணு போட்டுக் காட்டுங்க. ஊர் பாடட்டும், நான் வந்து உங்க வயலின் பெட்டியைத் தூக்கறேன்."

டிரம்ஸ்காரர் தகரத்தில் ஒரு தட்டு தட்டினார். குழுவின் தலைவர், பாட்டும் பாடுகிறவர், அவரை எல்லாரும் மாஸ்டர் என்போம். "சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க, பாட்டை எடுங்க," என்றார். எடுத்தார்கள்.

அதே அறையில்தான், கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஒத்திகை நடுவில் அண்ணியின் வலது கை கட்டைகளிலிருந்து நழுவியது. யாரும் பதறவில்லை. கூறு அக்கா வழக்கம்போல ஏதோ குறை கண்டுபிடித்து வாசிப்பை நிறுத்திவிட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மாஸ்டர் சலித்துக்கொண்டு திரும்பி, "இப்ப என்ன?" என்றார். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வாய் திறந்தபடியே நின்றது.

பக்கவாதம். கால் சீக்கிரமே தேறியது, ஒரு கைத்தடியோடு நடந்துவிட்டாள். வலது கை பாதி வந்தது. பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது.

"இல்ல."

"பசிக்குதா அண்ணி?" என்று கேட்டால், "இல்ல" என்பாள், தலை மட்டும் ஆமாம் என்று ஆடும். "ஜன்னலைத் திறக்கட்டா?" "இல்ல." அதற்கும் தலை ஆமாம். அண்ணன் குழம்பிப்போய்த் தட்டை நீட்டுவதும் பிடுங்குவதுமாக இருந்தான். "வாயை நம்பாதே, தலையை நம்பு," என்று நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்கு எல்லாம் புரிந்தது. நாங்கள் பேசுவது, டிவி, பக்கத்து வீட்டுச் சண்டை, எல்லாம். சொல்ல நினைத்ததும் உள்ளே முழுசாக இருந்தது. வாசலுக்கு வரும்போது எல்லாமே 'இல்ல' என்று மாறிவிடும். அது வெளியே விழுந்ததும் அவள் முகத்தில் வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டுமே, தன் வாயைத் தானே அறைந்துவிடுவாள் போலிருக்கும்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவளுக்குக் காது கேட்காது என்பதுபோலக் கத்திப் பேசினார்கள். எங்கள் பெரியம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவளை வைத்துக்கொண்டே, "இனிமே அவ்வளவுதான். விதின்னு ஏத்துக்கணும். குழந்தை மாதிரி ஒரு மூலையில உக்கார வெச்சுச் சோறு போடுங்க," என்றாள். அண்ணி இடது கையால் தலையணையை எடுத்து வீசினாள். "இல்ல!" அன்றைக்குத்தான் வாயும் தலையும் ஒரே பதிலைச் சொல்லின.

அண்ணன் நல்லவன். அதுதான் தொல்லை. அவள் வாயைத் திறந்ததும் அவனே பேசிவிடுவான். "டீ வேணுங்கறா." "களைப்பா இருக்காம், படுக்கணுமாம்." பாதி நேரம் தப்பு. மீதி நேரம் சரியாக இருந்தாலும் அவளுக்கு ஆத்திரம். அவன் முதுகைக் கிள்ளுவாள். அவனோ, "வலிக்குதாம்," என்று என்னிடம் சொல்வான்.

அண்ணி வீட்டில் வைத்துப் பழகிய கீபோர்டு குழுவுக்குச் சொந்தமானது. வேறொரு பெண்ணை வேலைக்கு எடுத்துவிட்டதால் அதை எடுத்துப்போக மாஸ்டரும் டிரம்ஸ்காரரும் வந்தார்கள். மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டிரம்ஸ்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். சும்மா தூக்கினால் பரவாயில்லை, அவருக்கு வாய் சும்மா இருக்காது. தேநீர்ப் பாட்டை முனகிக்கொண்டே இறங்கினார். திருப்பத்தில் பெட்டி சுவரில் இடித்தது. பாட்டு பாதியில் நின்றது.

"தெருமுனை வரைக்கும் வா... தேநீர் ஆறு..."

"முன்னே வா!"

அறைக்குள்ளிருந்து வந்தது அந்தக் குரல். தாவ வேண்டிய இடத்தில் தாவி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

டிரம்ஸ்காரர் பெட்டியைப் படியிலேயே வைத்துவிட்டு மேலே ஓடி வந்தார். மறுபடி பாடினார், பாதியில் விட்டார். அண்ணி முடித்தாள். இன்னொரு தடவை. முழு வரியையும் அவளே பாடினாள், ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பேசிட்டா! பேசிட்டா! என் பேரைச் சொல்லு, எங்க, சொல்லு!" என்றான்.

அவள் மூச்சை இழுத்தாள். "இல்ல," என்றாள்.

அன்று முழுக்க அவள் யாரையும் பார்க்கவில்லை. என்னாலும் சாப்பிட முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் சின்ன வயசுப் பெண். நடந்ததைச் சொன்னதும் அவள் ஆச்சரியப்படவில்லை. "நிறைய பேருக்கு இப்படி நடக்கும். மூளையில பேச்சுக்கு ஒரு வழி, பாட்டுக்கு வேற வழி. இவங்களுக்குப் பேச்சு வழிதான் அடைபட்டிருக்கு. பாட்டு வழியா சுத்திக்கிட்டு வர முடியுமான்னு பாக்கலாம். சிலருக்கு வரும், சிலருக்கு வராது. எவ்வளவு வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்." எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது.

அவள் சொல்லிக்கொடுத்த முறை எளிமையானது. இடது கையால் மேசையைத் தட்ட வேண்டும். ஒரு மேல் ஸ்வரம், ஒரு கீழ் ஸ்வரம், அந்த இரண்டிலேயே ஒரு சின்ன வாக்கியத்தை இழுத்துச் சொல்ல வேண்டும். "தண்-ணி வே-ணும்." அவள் பாடிக் காட்டினாள்.

அண்ணியின் முகம் புளித்த மோர் குடித்ததுபோல ஆனது. "இல்ல."

"பயிற்சி வேண்டாமா?"

தலை மறுத்தது.

"ராகம் பிடிக்கலையா?"

தலை பலமாக ஆடியது. ஆமாம், ஆமாம்.

வேறு ஆளாக இருந்தால் கோபித்திருப்பாள். இந்தப் பெண் கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். "அப்ப நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க. எனக்கு மூளை தெரியும், பாட்டு தெரியாது. உங்களுக்குப் பாட்டு தெரியும்."

அண்ணன் மாஸ்டர் வீட்டுக்குப் போய்க் கெஞ்சி, குழு ஒதுக்கி வைத்திருந்த பழைய கீபோர்டு ஒன்றை வாங்கி வந்தான். அதில் சில கட்டைகள் ஊமை. போகட்டும் என்று வைத்துக்கொண்டோம். அண்ணி இடது கையால் ஒரு பாட்டின் வரியை வாசிப்பாள். நான் வார்த்தையை எடுத்துவிட்டு அதில் வேறு வார்த்தையை வைத்துப் பாடுவேன். அவள் என்னைப் பின்பற்றி முயல்வாள். எந்தப் பாட்டு பேச்சைச் சுமக்கும், எது சுமக்காது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. என் குரலின் லட்சணத்துக்குப் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

வேகமான பாட்டு ஒன்றும் உதவவில்லை. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, டிக்கெட் வாங்குகிற வரிசையில் தள்ளுமுள்ளு மாதிரி ஆகிவிடும். சோகப் பாட்டு அதைவிட மோசம். 'தண்ணி' என்பதன் முதல் எழுத்தை இழுத்துக்கொண்டே போனால் இரண்டாவது எழுத்து வழியில் எங்கோ தொலைந்துவிடும். தாளத்தோடு சேர்ந்தே தொடங்குகிற பாட்டுகளில் அவள் வாய் எப்போதும் பின்தங்கியது. தட்டு விழுந்த பிறகும் வாய் வெறுமையாகத் திறந்திருக்கும், உடனே கோபம் வந்துவிடும்.

தேநீர்ப் பாட்டு மட்டும் வேறு மாதிரி. அதில் முதலில் தட்டு, பிறகுதான் சொல். அந்த அரை மூச்சுப் பிந்தல் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. தெரபிஸ்ட் இன்னொன்றையும் கவனித்தாள். "நம்ம வீட்டுப் பேச்சுல பாதி 'வா, போ, தா'தான். எல்லாம் வாய் திறந்து முடியற சொல். உங்க பாட்டு தாவற இடத்துல அது அப்படியே உக்காருதும்மா," என்றாள். அண்ணி அவளைப் பார்த்த பார்வையில் பெருமை இருந்தது, அந்தப் பாட்டை இவளே போட்டதுபோல.

ஆனால் புது வார்த்தை நுழைய மறுத்தது. 'கொஞ்சம் தண்ணி கொண்டு வா' என்று நான் பாடினால், அவள் வாயில் 'தேநீர் ஆறுமுன்னே வா' என்றுதான் வரும். பழைய வார்த்தைகள் காலி செய்ய மாட்டேன் என்கிற வாடகைக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தன. தெரபிஸ்ட் யோசனைப்படி வார்த்தையே இல்லாமல் வெறும் 'ம்ம்' என்று பாடினோம். தட்டு, ம்ம். தட்டு, ம்ம். சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அதே. அண்ணன் லிஃப்டுக்குள் வேலை செய்யும்போது அவனும் அதையே முனகி, "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டார்களாம்.

ஒரு மதியம், நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அண்ணி தொடையில் தட்டினாள்.

"கொஞ்சம்... தண்ணி... கொண்டு... வா."

'வா' தாவியது. நான் ஓடிப்போய் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தேன். அவள் அதை வாங்கவில்லை. கண்ணால் அண்ணனைக் காட்டினாள். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தான். தண்ணீர் அவனுக்கு.

அதற்குப் பிறகு வாக்கியங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சில நாள் வரும், சில நாள் ஒன்றுமே வராது. வந்ததெல்லாம் அந்த ராகத்தில்தான் வந்தது. வீட்டுக்குள் எங்களுக்கு அது பழகிவிட்டது. மருந்துக் கடையில் பழகவில்லை. கைத்தடியை மேசையில் சாய்த்துவிட்டு, பலகையில் தட்டி, "அந்த மாத்திரை எடுத்துத் தா," என்று அவள் பாடியபோது வரிசையில் நின்ற ஒருவன் சிரித்துவிட்டான். அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. அண்ணி சிரித்தவன் பக்கம் திரும்பினாள். தட்டினாள். "சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோ." அவன் வாயை மூடிக்கொண்டான். கடைக்காரர் மாத்திரையை எடுத்து வைத்துவிட்டு, "வேற என்னம்மா?" என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன், "வீட்ல எவ்வளவு வேணும்னாலும் பாடு. வெளிய நான் பேசிக்கறேன். ஜனங்க ஒரு மாதிரி பாக்கறாங்க," என்றான்.

அவள் வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தாள். வார்த்தை கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை விடவும் இல்லை. கடைசியில் வந்தது. "என் வாய்... என்னது. நீ... பேசாதே."

அவன் கோபித்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான். நான் சமாதானம் செய்யப் போகவில்லை.

அவள் பாடிப் பேசுகிற விஷயம் எப்படியோ மாஸ்டர் காதுக்குப் போயிருக்கிறது. குழுவின் ஆண்டு விழா வந்தது. பெரிய மண்டபம், நிறையக் கூட்டம். அவர் வீட்டுக்கு வந்து அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நீ சும்மா மேடையில வந்து உக்காந்தா போதும். நான் ரெண்டு வார்த்தை சொல்றேன். அப்புறம் நீ அந்தப் பாட்டுல ரெண்டு வரி பாடு. ஒரு கண்ணு காயாது, பாரேன்."

அண்ணி தட்டினாள். "கீபோர்டு... தா."

"அதுக்கு ஆள் இருக்கேம்மா. நீ ஒரு கையால..."

"இந்தக் கை... இருக்கு... பார்."

அவர் சிரித்தபடி அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்தார். அவளைவிட இரண்டு வயது சின்னவர் அவர். அவள் வரமாட்டேன் என்று சொல்லுவாள் என நினைத்தேன். வருகிறேன் என்று தலையாட்டினாள்.

விழாவில் மாஸ்டர் சொன்ன இரண்டு வார்த்தை இருபது நிமிஷம் நீண்டது. விதி, கலைஞர், பேசாத வாய், கடவுளின் கருணை. மண்டபம் முழுக்க "அச்சச்சோ" என்று ஒரு பெருமூச்சு. அண்ணி மேடை நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்பே பேசி வைத்திருப்பார்கள்போல, வயலின்காரர் தேநீர்ப் பாட்டை எடுத்தார். எப்படி எடுத்தார் தெரியுமா? தாளம் இல்லாமல், இழுத்து இழுத்து, இழவு வீட்டில் வாசிப்பதுபோல. மாஸ்டர் மைக்கை அவள் வாயருகே பிடித்தார்.

"இல்ல," என்றாள் அண்ணி.

மைக்கில் அது மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்டது. மாஸ்டர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். வயலின் நின்றது. அண்ணி அவர் கையிலிருந்த மைக்கையே விரலால் தட்டினாள். டக். அரை மூச்சு.

"எனக்குப் பேச்சு... வரும் பார். மெல்ல வரும்... கேட்டுப் பார்."

யாரோ சிரித்தார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு அங்கம் என்று நினைத்துச் சிலர் இடைவெளியில் கை தட்டினார்கள். அவள் மறுபடி தட்டினாள். டக். வாய் திறந்தது. வரவில்லை. டக். வரவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முன்வரிசையில் அண்ணன் எழுந்தான். "அவ என்ன சொல்ல வர்றான்னா..."

"இல்ல! உக்காரு!"

மண்டபமே வெடித்துச் சிரித்தது. கல்யாணமான அத்தனை பெண்களும் கை தட்டினார்கள். அண்ணன் தொப்பென்று உட்கார்ந்தான். எங்களோடு விழாவுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெரபிஸ்ட் என் கையைப் பிடித்து இறுக்கினாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. 'உக்காரு'வில் ராகம் இல்லை. தட்டும் இல்லை. அது வெறும் பேச்சு.

அண்ணி கைத்தடியை ஊன்றி எழுந்து கீபோர்டுக்குப் போனாள். அங்கே இருந்த புதுப் பெண் மாஸ்டரைப் பார்த்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, நகர்ந்து பாதி இடம் கொடுத்தாள். அண்ணி காலால் தரையில் தட்டி வேகம் காட்டினாள். டிரம்ஸ்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். இடது கையால் அவள் கீழ்க்கட்டைகளை வாசிக்க, மேலே புதுப் பெண் வாசித்தாள். தேநீர்ப் பாட்டு அதன் சொந்த வேகத்தில், குதியாட்டத்தோடு போனது. வேறு வழியில்லாமல் மாஸ்டரும் பாடினார். வயலின்காரர் வில்லை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரி முழுக்கச் சும்மா இருந்தார். இரண்டாவது வரியில் சேர்ந்துகொண்டார். முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. ஆனால் இடம் தவறவில்லை.

விழா முடிந்ததும் மாஸ்டர், "ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டே. உன்மேல பரிதாபப்பட்டதுக்கு இதுதான் பலன்," என்றார்.

"பரிதாபம்... வேண்டாம்... போ," என்றாள் அண்ணி.

பிறகு அவர் கூப்பிடவில்லை. வேறு குழுக்களும் கூப்பிடவில்லை. ஒரு கைக்காரிக்கு மேடையில் எவன் இடம் கொடுப்பான்? அவள் அதற்காக அழுததை நான் இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவைக்கு முன்னால் தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தாள். அவளிடம் பேச்சிழந்தவர்கள் இன்னும் பலர் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டு வேண்டும். எந்தப் பாட்டு என்று பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும். வருவீர்களா?

வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரி அறையொன்றில் கூட ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் வரவில்லை. ஒரு டீச்சரம்மாவுக்கு எத்தனையோ பாட்டுகளைப் போட்டுப் பார்த்தும் கடைசிவரை ஒரு சொல்லும் எழவில்லை. அவர் மற்றவர்களுக்குத் தாளம் தட்டுவதற்காகவே தவறாமல் வந்தார். மார்க்கெட்டில் ஏலம் விடுகிற பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு கெட்ட வார்த்தை. காதல் பாட்டு எதுவும் அவரை அசைக்கவில்லை. வாழ்நாளில் அவர் பாட்டே கேட்டதில்லையாம். அண்ணி அவர் மனைவியிடம் துருவித் துருவிக் கேட்டு ஒரு சோப்பு விளம்பரத்தைப் பிடித்தாள். டிவியில் அது வந்தால் மட்டும் பெரியவர் விரல் ஆடுமாம். "சின்னப் பாட்டுல... எல்லாம்... உண்டு," என்று தெரபிஸ்டிடம் சொன்னாள் அண்ணி. தட்டு, பிந்தல், தாவல், மூச்சு. பெரிய பாட்டு வரி வரியாகச் செய்வதை அந்த விளம்பரம் ஒரே மூச்சில் செய்தது. அதில் பெரியவர் வாய் திறந்தது. அவர் மனைவி வந்து, "பேசாம இருந்தப்ப நிம்மதியா இருந்தேன். இப்ப சோப்பு ராகத்துல திட்டறாரு," என்று குறைப்பட்டாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வியாழக்கிழமைதோறும் சோப்பும் தேநீரும் கேட்டுச் சலித்த பக்கத்து வார்டுக்காரர்கள் புகார் செய்தார்கள். கண்காணிப்பாளர் வந்து, "இது ஆஸ்பத்திரி. கச்சேரி பண்ற இடம் இல்ல. இன்னையோட நிறுத்திடுங்க," என்றார்.

தெரபிஸ்ட் பேச வாயெடுத்தாள். அண்ணி அவள் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள். அண்ணன் அன்று விடுப்பு எடுத்து வந்திருந்தான். அவன் உதடு துடித்தது. ஆனால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றான். கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணி தட்டினாள்.

"நாங்க... பேச... இடம் தா."

"புரியுதும்மா, ஆனா..."

"தர்ற வரைக்கும்... போக மாட்டேன் போ."

ஏலக்காரர் சோப்பு ராகத்தில் தன் பங்குக்கு ஒன்றைச் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

கடைசியில் பின்பக்கம், ஜெனரேட்டரை ஒட்டினாற்போல இருந்த பழைய சாமான் அறையைக் கொடுத்தார்கள். அங்கே எவனும் நிலைக்க மாட்டான் என்று நினைத்துக் கொடுத்திருக்க வேண்டும். மின்சாரம் போனால் சுவரே அதிரும். முதல் வாரம் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணி மட்டும் ஜெனரேட்டர் பக்கம் காதைச் சாய்த்தபடி, ஊமைக் கட்டைகளைத் தாண்டித் தாண்டி, கீபோர்டில் எதையோ தேடினாள். ஒரு கட்டையில் விரல் நின்றது. அந்த இரைச்சலும் ஒரே ஸ்வரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாருடைய பாட்டையும் அதற்கேற்ப மாற்றி அமைத்தாள்.

இப்போது மின்சாரம் போனால் அவர்கள் இன்னும் சத்தமாகப் பாடுகிறார்கள். கண்காணிப்பாளர் தன் அறை ஜன்னலைச் சாத்திக்கொள்கிறாராம். சாத்திக்கொள்ளட்டும்.